முத்திரை விழுந்த முகங்கள்

நம் கத்தோலிக்க இல்லங்களுள் நுழைந்தவுடன் எதிர்ச்சுவரில் திரு இருதய ஆண்டவரின் படத்தைக் காணலாம். அதனருகே தேவமாதாவின் படம் இருக்கும். அவற்றுக்குச் சற்றுத் தாழ்வாக, அக்குடும்பத்தில் இறந்துபோனவர்களின் படங்கள் தொங்கும். இந்த வரிசையை எந்தத் திருச்சபைச் சட்டமும் வகுக்கவில்லை. எனினும் கோவைப் பெரிய கடை வீதியை அடுத்த பழைய வீடுகளிலும், கருமத்தம்பட்டிப் பக்கத்து ஓட்டு வீடுகளிலும், பஞ்சாலைத் தொழிலாளர் வாழும் ஒற்றை அறைகளிலும் நான் இதே வரிசையைத்தான் கண்டு வந்திருக்கிறேன். காணும் வாய்ப்பு எனக்கு மிகுதி. ஓவிய ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய புகைப்படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் எழுதித் தருவதை இளமை முதலே உபதொழிலாகக் கொண்டவன். கணினி வந்தபின் இத்தொழிலுக்கு இருந்த கிராக்கி பெரிதும் குறைந்துவிட்டது. மங்கிய படத்தை அரை மணி நேரத்தில் பளபளவென்று அச்சிட்டுத் தந்துவிடுகிறார்கள். ஆயினும், படமே இல்லாத முகத்துக்குப் படம் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் என்னைத் தேடி வருகிறார்கள்.

என்னிடம் வரும் பழைய புகைப்படங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவில் எடுத்தவை. பின்னால் ஒரு திரை. அதில் வரைந்த தூணும் பூந்தொட்டியும் மாளிகைப் படிக்கட்டும். மாப்பிள்ளை தன் கைக்கடிகாரம் தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பி வைத்திருப்பார். மணப்பெண் நாற்காலியில் அமர்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, எதிரே புலி நிற்பதுபோல் பார்ப்பார். நம் கொங்குச் சீமையார் புகைப்படப் பெட்டிக்கு முன்னால் சிரிப்பதைப் பாவமென்று கருதினார்களோ என்னவோ! ஆனாலும் அவை தாமாக விரும்பி எடுத்துக்கொண்ட படங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எஞ்சியிருந்த இத்தகைய படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிச் சேர்த்துப் பாதுகாத்திருக்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அவற்றில் உள்ள ஒவ்வொரு முகமும், பின்னால் வரப்போகும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேறொரு வகைப் படமும் உண்டு. அது அதிகாரி கேட்டதற்காக எடுத்துக்கொண்டது. அதில் உள்ள முகம் பேரனைப் பார்ப்பதில்லை. மேசைக்கு அப்பால் இருக்கும் ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் என்று அரசு குறிப்பிடும் குடும்பங்களிலிருந்து எனக்கு வந்த படங்களில் அநேகம் இவ்வகையைச் சேர்ந்தவை. கடவுச்சீட்டுக்காக ஒரு முறை எடுத்த படமே அக்குடும்பத்தின் முதற்படம். பலருக்கு அதுவே கடைசிப் படமுமாகும்.

இளைய தலைமுறையினர் அறியும்பொருட்டு, இவர்கள் யாவர் என்பதைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். இலங்கையின் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்காக, 1820-ஆம் ஆண்டுகளிலிருந்தே நம் தமிழ் மாவட்டங்களின் ஏழை எளியவர்கள் கடல் கடந்து அழைத்துச் செல்லப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள்; நடந்தவர்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். அந்தப் பயணத்தின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023-இல் அவர்களுடைய வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்து சென்றார்கள். காப்பி அழிந்து தேயிலை வந்தது, தலைமுறைகள் கழிந்தன. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லர் என்ற நிலைக்கு ஆளாயினர்.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்தனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்து, 1974-இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். பாகப் பத்திரத்தில் மாடு கன்றுகளைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த கணக்கு இது. இதனை எழுதும்போது கை கூசுகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன்னரே, டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடித் துறை கடலுக்கு இரையாயிற்று. அதன்பின் வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் தங்கினார்கள். 1984-இல் அக்கப்பல் போக்குவரத்து நின்றுபோயிற்று. இவ்வாறு தமிழகம் வந்து சேர்ந்தவர்கள் நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அவர்களில் கணிசமானோர் நம் மேற்குப் பகுதிக்கு வந்தனர். அவர்களுக்கென்றே 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கங்களில் விரிந்தன. நூற்பாலைகள் வேலைக்கு எடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. மலைநாட்டில் இவர்களை 'இந்தியாக்காரன்' என்றார்கள். இங்கே வந்தால் 'சிலோன்காரங்க' என்கிறோம். ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும், ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றாலும் அந்தப் பெயர் இவர்களை விட்டு நீங்கவில்லை. கப்பலை விட்டு இறங்கிய மனிதர் கரையில் ஏறிவிட்டாரா என்பதை யார் முடிவு செய்வது?

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் என்னிடம் ஒருவர் வந்தார். நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைக் கடந்தவர். பழைய கடவுச்சீட்டு ஒன்றை நெகிழித்தாளில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். "அம்மாவுக்கு ஒரே பிடிவாதமுங்க வாத்தியாரே. அண்ணனையும் இந்தப் படத்துல நிறுத்தோணும்ங்குது" என்றார்.

அந்தப் படம் உள்ளங்கையில் பாதியளவே இருக்கும். 1973-இல் அட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்ததாம். தந்தை கோட்டு அணிந்திருக்கிறார். அது ஸ்டூடியோக்காரரின் கோட்டு என்பது, தோள் இரண்டு விரற்கடை வெளியே தொங்குவதிலிருந்தே தெரிகிறது. அருகில் முப்பத்தெட்டு வயதுத் தாய். பதினைந்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரு பெண்மக்கள். முன்னால் ஒன்பது வயதுச் சிறுவன். அவர்தான் என் எதிரே அமர்ந்திருந்தவர். தாயின் இடது தோளிலிருந்து சிறுவனின் கைவரை, வட்டமான ஒரு முத்திரை ஊதா மையில் விழுந்திருக்கிறது.

மூத்த மகன் அப்படத்தில் இல்லை. விண்ணப்பம் கொடுத்த காலத்தில் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. வயது வந்தவர் என்பதால் அவருக்குத் தனி விண்ணப்பம். குடும்பத்தில் ஒருவர் பெயராவது அந்த மண்ணில் இருக்கட்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவர் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். இரண்டு அரசுகளும் அவரவர் கேட்டதைக் கொடுத்துவிட்டன. படம் எடுத்த அன்று அவரும் ஸ்டூடியோவுக்கு உடன் சென்றிருக்கிறார். கதவோரத்தில் நின்று, தம்பியின் தலைமுடியை வாரிவிட்டிருக்கிறார். பின்னர் ரயிலடிவரை வந்தார். தலைமன்னாருக்குச் செல்லும் அந்த ரயிலை மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தார்கள். அன்று கையசைத்தவரைத் தாய் பிறகு காணவில்லை. கடிதங்கள் வந்தன; 1983-க்குப் பின் கடிதங்களும் அருகின; பின்னாளில் தொலைபேசியில் குரல் கேட்டது. 2016-இல் தமது அறுபத்து நான்காம் வயதில் அவர் அங்கேயே காலமானார். ஈமச்சடங்குக்கு முன் எடுத்து ஒட்டிய சுவரொட்டிப் படம் மட்டும் கைப்பேசி வழியே வந்து சேர்ந்தது. நரைத்த மீசையும் ஒட்டிய கன்னமும் உள்ள ஒரு முதியவரின் முகம் அது.

என் முன்னிருந்த இடர்ப்பாடு இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். படத்தில் தாய்க்கு வயது முப்பத்தெட்டு. கையில் கிடைத்துள்ள மகனின் முகத்துக்கு வயது அறுபத்து நான்கு. அப்படியே சேர்த்தால் தாயின் பின்னால் அவளுடைய தந்தை நிற்பதுபோல் இருக்கும். இளமையாக்கி எழுதினால், அந்த இளமுகத்தை நான் எங்கிருந்து எடுப்பது? ஒரே ஒரு படம்கூட இல்லை.

இது போகட்டும், இன்னொரு கேள்வியும் என்னை உறுத்திற்று. அன்று கதவோரத்தில் நிறுத்தப்பட்டவரை இன்று நடுக்கூடத்தில் நிறுத்துவது பொய்யாகாதா? சில நாள் இதை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு நம் பீடப் படங்களை நினைத்துப் பார்த்தேன். தேவமாதாவின் ஒரு பக்கம் முதல் நூற்றாண்டு அப்போஸ்தலரும் மறுபக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவியும் நிற்க, கீழே அப்படத்துக்குப் பணம் கொடுத்த வணிகர் முழந்தாளிட்டிருக்கும் ஓவியங்கள் எத்தனை! அவற்றைப் பொய்யென்று எவரும் சொன்னதில்லை. ஒன்றாக இருக்க வேண்டியவர்களை ஒன்றாகக் காட்டுவது ஓவியத்துக்கு உள்ள உரிமை. புகைப்படப் பெட்டிக்கு அந்த உரிமை இல்லை. கடவுச்சீட்டுக்கோ அறவே இல்லை.

புலம்பெயர்ந்தோரின் முகத்தை ஓவியர்கள் வெகுகாலமாகத் தேடி வந்திருக்கிறார்கள். அதற்குக் காரணமும் நம் மறையிலேயே இருக்கிறது. ஏரோதுக்கு அஞ்சிக் குழந்தையை எடுத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தை எழுதாத ஐரோப்பிய ஓவியர் அரியர். அவற்றுள் என் மனத்தில் நிற்பது 1597-ஐ ஒட்டிக் கரவாஜியோ எழுதியது. உரோமையில் டோரியா பாம்பிலி ஓவியக் கூடத்தில் இருக்கிறது. நான் நேரில் கண்டதில்லை. அச்சுப் படத்தில்தான் கண்டேன். தாயும் பிள்ளையும் அயர்ந்து உறங்குகிறார்கள். ஒரு சம்மனசு வயலின் வாசிக்க, கிழவராகிய சூசையப்பர் இசைத்தாளைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவருடைய பாதங்களைப் பாருங்கள். வெறுங்காலுடன், ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நெடுந்தூரம் நடந்து, இன்னும் நடக்க வேண்டிய மனிதர் செய்கிற காரியம் அது. மாத்தளைக்கு நடந்தவர்களும் அப்படித்தான் கால் தேய்த்திருப்பார்கள்.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் குடிபெயர்ந்தோரைக் குறித்து வெளியிட்ட சாசனத்தில், எகிப்தில் அகதியாக இருந்த நாசரேத்துக் குடும்பமே உலகத்து அகதிக் குடும்பங்கள் அனைத்துக்கும் முன்மாதிரி என்று கூறியுள்ளார். இந்த எண்ணத்துக்கு வெண்கலத்தில் உருவம் கொடுத்தார் கனடா நாட்டுச் சிற்பி திமொத்தி ஷ்மால்ஸ். ஒரே படகில் நெருங்கி நிற்கும் நூற்று நாற்பது மனிதர்கள். வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு நூற்றாண்டினர். நாசி ஜெர்மனியிலிருந்து தப்பும் யூதர் அங்கே நிற்கிறார்; சிரியப் போருக்குத் தப்பியவரும் நிற்கிறார்; திருக்குடும்பமும் அவர்களிடையே நிற்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த கர்தினால் மைக்கேல் செர்னியின் பெற்றோருக்கும் அப்படகில் இடமுண்டு. 2019 செப்டம்பர் 29-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அதனைப் புனித இராயப்பர் சதுக்கத்தில் திறந்து வைத்தார். அந்தப் படகில் யாருக்கும் தனி விண்ணப்பம் இல்லை.

எல்லா உருவப்படமும் எழுதப்பட்டவருக்கு நன்மையே செய்யும் என்று எண்ணிவிடலாகாது. 1936-இல் அமெரிக்கக் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்கப் பிழைப்புத் தேடி வந்தவர்களின் கூடாரத்தில், தொரோத்தியா லாங்கே என்ற புகைப்படக்காரர் ஒரு தாயைப் படம் பிடித்தார். முகவாயில் கைவைத்து எங்கோ பார்க்கும் அந்தத் தாயையும், இருபுறமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகளையும் உலகமே அறியும். ஆனால் லாங்கே அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அப்பெயர் 1978-இல்தான் வெளியாயிற்று. படம் எடுக்காமலிருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அந்த அம்மையார் வருந்தியதாக அறிகிறோம். அங்கே முகம் இருந்தது, பெயர் இல்லை. என் மேசை மீதிருந்த கடவுச்சீட்டிலோ பெயர் இருந்தது, எண் இருந்தது, பிறந்த ஊர் இருந்தது. முகத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

மலைநாட்டின் புதிய தலைமுறையிலேயே இன்று ஓவியர்கள் தோன்றியிருக்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலை வடிகட்டியையும் தேயிலைப் பையையும் கொண்டு தம் மக்களின் வாழ்வைப் படைத்து வருகிறார். அவர்களுடைய முகத்தை அவர்களே எழுதும் காலம் வந்தது நல்லது. என் வேலை அவ்வளவு பெரிதன்று. சுவரில் மாட்ட ஒரு படம்.

அந்தத் தாயைப் பார்க்க நான்கு முறை சென்றேன். தொண்ணூறு வயது, கண் மங்கல், காது கூர்மை. மகன் நம்மைப்போல் 'ஏனுங்க, வாங்க' என்று பேச, தாய் மட்டும் மலைநாட்டுத் தமிழையே பேசுகிறார். ஒரே வீட்டுக்குள் கடல் ஒன்று கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். சுவரில் திரு இருதய ஆண்டவர். அருகில் மடு மாதா. கப்பலேறும்போது தகரப் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த படமாம். மடு மாதாவின் சுரூபமே புலம்பெயர்ந்ததுதான் என்பதை நம்மவர் பலர் அறியார். ஒல்லாந்தர் காலத்து வேதகலாபனைக்குத் தப்பிய மாந்தைக் கத்தோலிக்கர்கள் அதனைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றார்கள். நம் காலத்திலும், 2008 ஏப்ரலில், போர் நெருங்கவே குருக்கள் அச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதை அந்த அம்மையாரிடம் சொன்னேன். "மாதா திரும்பிப் போயிட்டாங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

முகத்தைத் தேடும் வேலையில் எலும்புதான் துணை. வயதாகும்போது கன்னம் ஒட்டும், இமை தளரும், மூக்கும் காதும் நீளும். ஆனால் நெற்றி எலும்பும் கண்குழிகளுக்கு இடையேயுள்ள தூரமும் மாறுவதில்லை. சுவரொட்டிப் படத்திலிருந்து அவற்றை மட்டும் கட்டம் போட்டு எடுத்துக்கொண்டேன். கன்னத்தின் திரட்சியை மூத்த தங்கையிடமிருந்தும், மூக்கைத் தந்தையிடமிருந்தும் இரவல் வாங்கினேன். கரியால் பெரிதாக வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முகத்தை ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு, கணக்கப்பிள்ளை மகனா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன்; அவர் சிரிக்கவில்லை. தாடை இவ்வளவு அகலமில்லை என்றார். காது இரண்டும் வெளியே நிற்கும் என்றார். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் பிடிச்சு இழுத்தே அப்பிடி ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டு, நானும் வாத்தியார் என்பது நினைவுக்கு வரவே, "ஐயா மனசுல வச்சுக்காதீங்க" என்றார். ஒவ்வொரு முறையும் ஒரு திருத்தம். புருவம் ஒன்று சற்று மேலே ஏறியிருக்கும். கீழுதட்டைக் கடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பேசுவதற்கு முன்னால் தலையை ஒருபுறம் சாய்ப்பான். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய முகத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். நான்காம் முறை படத்தைக் கையில் கொடுத்தபோது அவர் எதுவும் சொல்லாமல், முந்தானையால் தாளின் ஓரத்தைத் துடைத்தார். தூசு ஒன்றும் இல்லை. மகன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தது இடம். ஐவரும் நெருங்கி நிற்கும் படத்தில் ஆறாமவரை எங்கே நிறுத்துவது? தந்தைக்குப் பின்னால் திரையில் வரைந்த தூண் ஒன்று இருந்தது. அந்தத் தூணை எடுத்துவிட்டு மகனை நிறுத்தினேன். ஸ்டூடியோவில் வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வந்திருக்கிறது; ஆகவே அவர் அங்கே நின்றால் அவருடைய நிழல் மூத்த தங்கையின் தோளில் விழ வேண்டும். அந்த நிழலைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு மாலை முழுதும் தயங்கினேன். நிழல் போடாவிட்டால், வெட்டி ஒட்டியதுபோல் இருப்பார். போட்டேன்.

முத்திரையைப் பற்றி என் கருத்து வேறாயிருந்தது. அது சரித்திரம், அதனால்தான் இந்தப் படம் உண்டாயிற்று, ஊதா வட்டத்தின் ஒரு சாயலையாவது விட்டு வைக்கலாம் என்று அவர்களிடம் சொன்னேன். மகனுக்கு அது சரியென்றே பட்டது. தாய் ஒப்பவில்லை.

"அந்த முத்திரைய எடுத்துருங்கய்யா. அதுதானே அவன வெளிய நிக்க வச்சது."

எடுத்துவிட்டேன். ஆனால் முத்திரையின் கீழ் மறைந்திருந்ததை எழுத வேண்டுமே! தாயின் சேலைக் கரை எளிது. சிறுவனின் கை? மை ஊறிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராகத் தொங்கவிட்டிருந்தானா, எதையாவது பற்றியிருந்தானா? எதிரே இருந்த அறுபது வயதுச் சிறுவரைக் கேட்டேன்; நினைவில்லை என்றார். "என் சேலையப் பிடிச்சிருந்தான்" என்றார் தாய், கேட்குமுன்பே. அவ்வாறே எழுதினேன்.

இவர்கள் குடியுரிமை பெற்றவர்கள். கடைசியில் இவர்களுக்கு ஒரு நாடு உண்டு. 1983-க்குப் பின் போருக்குத் தப்பிப் படகேறி வந்து, பவானிசாகர் முதலிய முகாம்களில் வாழ்பவர்களின் நிலை வேறு. 2021-இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது; வீடுகளும் கட்டித் தரப்பட்டு வருகின்றன. என்றாலும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்த பலருக்கு, படம் ஒட்டிய அகதி அட்டைதான் இன்றும் அடையாளம். அவர்களில் ஓரிருவரும் என்னிடம் வந்ததுண்டு. அவர்கள் கொண்டுவந்த முகங்களிலும் முத்திரை இருந்தது.

படம் ஆவணி மாதம் முடிந்தது. இரண்டடிக்கு மூன்றடி கித்தான்; தேக்குச் சட்டம். பங்குக் குரு வந்து மந்திரித்தார். திரு இருதய ஆண்டவருக்கும் மடு மாதாவுக்கும் கீழே மாட்டினார்கள். ஆறு பேரில் மூவர் இறந்தவர், மூவர் இருப்பவர். இறந்தோர் வரிசையில் உயிரோடிருப்பவரை மாட்டலாமா என்று மருமகள் தயங்கினார். கிழவி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேரன் அதைக் கைப்பேசியில் படமெடுத்து அட்டனுக்கு அனுப்பினான். அங்கே மூத்தவரின் மகள் பள்ளியில் ஆசிரியை. மறுநாள் பதில் வந்தது. அப்பாவுக்கு இவ்வளவு முடி இருந்ததா என்று கேட்டிருந்தார். இன்னொன்றும் கேட்டிருந்தார்: அம்மாவையும் அப்பா பக்கத்தில் சேர்த்து எழுத முடியுமா என்று. அவருடைய அம்மாவை இங்குள்ள யாரும் நேரில் பார்த்ததில்லை, மாமியார்கூடப் பார்த்ததில்லை. கூடவே ஒரு பழைய படத்தை அனுப்பியிருந்தார், அடையாள அட்டையிலிருந்து எடுத்தது.

தூண் இருந்த இடம் நிரம்பிவிட்டது. வலப்புறத்தில் பூந்தொட்டி ஒன்று இருக்கிறது. அதை எடுத்தால் ஒருவர் நிற்கலாம்.